உன் அப்பாவின் முதுகில் இருப்பது

நேற்று மாலை நீ போனை வைத்த பிறகு அப்பா சக்கர நாற்காலியைச் சமையலறை வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “தம்பி சொன்னத கேட்டியா? கல்யாணத்துல நான் நின்னுடுவேனாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்பீக்கரில் நீ பேசியது முழுக்க என் காதிலும் விழுந்தது என்று அவருக்குத் தெரியும். முதுகில் தண்டுவடத்தின் மேல் வைத்து, இப்போது வேலை செய்யாமல் கிடக்கும் பழைய படலத்தை எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியின் புதிய படலத்தை வைப்பார்கள், அடுத்த மாதமே அறுவை சிகிச்சை, ஆவணியில் உன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் எழுந்து நின்று எல்லோரையும் வரவேற்கலாம் என்று சொன்னாய். நான் கத்தியை வைக்காமல், “நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். “என்னா சொல்றது, சரின்னுட்டேன். புள்ள அவ்ளோ ஆசையா கேக்கும்போது வேணாம்னு எப்படி சொல்றது?” அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார். டிவியைப் போடவில்லை.

அதனால்தான் இந்த மெயிலை எழுதுகிறேன். இந்த அறுவை சிகிச்சை வேண்டாம். அதை நீயே அவரிடம் சொல்ல வேண்டும். நான் தடுத்தால் உனக்கும் எனக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டு, உன் பக்கம் பேசுவதற்காகவே அறுவை சிகிச்சை மேசையில் போய்ப் படுத்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர் என்று உனக்கும் தெரியும். இதைப் போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன், பிறகு நான் ஒப்புக்கொண்டதாக நீ எடுத்துக்கொள்வாய். எழுதினால் முடிக்கும் வரை நீ குறுக்கே வர முடியாது.

நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் விழுந்தார். செம்மங்குப்பத்தில் அவர் ஃபிட்டராக இருந்த ஆலையில், மழைத் தூறலில் ஏணியில் ஏறி ஒரு குழாய் இணைப்பை இறுக்கிவிட்டு இறங்கும்போது கால் வழுக்கியது. யாரையும் குற்றம் சொல்லும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருந்தால் அப்போது எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள் என்று மருத்துவர் வராந்தாவில் நின்றபடி சொன்னார். அதே ஆண்டு நீ மெக்கானிக்கல் படிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியல் படிப்பில் சேர்ந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் வழக்கம்போலக் காலையில் சிதம்பரம் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய் மாணவர்களுக்கு பாலிமர் வேதியியல் நடத்தினேன். வீடு திரும்பியதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். எதையாவது தினமும் செய்தால் அது வேலையாகிவிடுகிறது. வேலை என்றால் எனக்குச் செய்யத் தெரியும்.

இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நீ முதுநகரிலிருந்து நுங்கு வாங்கி வந்தாய். ஒன்றைத் தட்டில் வைத்து அதில் ஒரு குண்டூசியைக் குத்தினாய். “தண்டுவடம் இந்த மாதிரிதாம்பா இருக்கும், கொழகொழன்னு. இதுல கரண்ட் விடுற கம்பிய வச்சா என்ன ஆவும்? நீங்க மூச்சு விட்டா, இருமினா, இது அசையும். கம்பி அசையாது. சதை அறுந்துகிட்டே இருக்கும். உடம்பு சும்மா இருக்குமா, சுத்தித் தழும்பு கட்டி மூடிடும். அப்புறம் கரண்ட் விட்டா நரம்புக்குப் போவாது.” அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப என்னா பண்ணுவீங்க?” “கம்பிக்குப் பதிலா நுங்குத் தோலு மாதிரி மெத்துனு ஒண்ண வச்சுடுவோம். அது வேற, உடம்பு வேறன்னே தெரியாது.” “அடேய், நுங்குக்குத் தோலு ஏற்கெனவே இருக்குடா. அத கண்டுபுடிக்கவா ஃபீஸ் கட்டிப் படிக்கிற?” என்று அவர் கேட்டதும் நீ சிரித்தாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. பெருமையாக இருந்தது. சொல்லவில்லை.

அந்த நுங்குத் தோல் பிறகு உண்மையாகவே வந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில், ஒரு சின்னக் கம்பெனி, தண்டுவடத்தின் மேல் வைக்கும் படலத்தைச் சிலருக்குப் பொருத்திச் சோதித்துப் பார்க்கிறது என்று நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். எனக்கு ஒரு மாதிரித் துண்டைக் காட்டினார்கள். சிலிக்கோன், பாலாடையை விட மெல்லியது. உள்ளே தலைமுடி போலப் பொன் கோடுகள், முனைகளில் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் புள்ளிகள், படலம் நகராமல் சதை பிடித்துக்கொள்வதற்காக ஓரமெல்லாம் நுண்ணிய துளைகள். விரலால் இழுத்துப் பார்த்தேன், ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நீர் ஊறுமா, வளைந்தால் பொன் விரிசல் விடுமா, நாளடைவில் எதுவும் கசியுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் நேர்மையாகவே பதில் சொன்னார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் அந்த வெளிப்பெட்டியைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்துதான் மின்துடிப்பு போகும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். பிளாஸ்டிக் படித்தவளுக்குப் பிளாஸ்டிக்தான் கண்ணில் படும். நீயும் கேட்கவில்லை. நீயும் என் மகன்தானே.

அவர் நின்றதை நீ வீடியோவில் பார்த்தாய், நான் நேரில் பார்த்தேன். படலம் வைத்துப் பல மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒருநாள் நம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. திரும்பி என்னைக் குனிந்து பார்த்து, “என்னா புரொபசர், நீ இவ்ளோ குள்ளமா? மறந்தே போச்சு” என்றார். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. அன்று நம்பினேன். அதன் பிறகு தினமும் காலையில், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு, அந்த ஜன்னலில் நின்று தெருவைப் பார்ப்பார். பால்காரர் முதல் எல்லோருக்கும் தான் நிற்பது தெரிய வேண்டும் என்று கதவைத் திறந்து வைக்கச் சொல்வார்.

மாதம் ஒரு முறை வந்து பெட்டியைச் சரிபார்த்துவிட்டுப் போகும் பெண் ஒருநாள் வரவில்லை, போன் செய்தாள். “சார், எங்க ஆபீஸ மூடிட்டாங்க. நான் வேற வேலைக்குப் போறேன். பெட்டிய ஜாக்கிரதையா பாத்துக்கோங்க” என்று சொல்லி அழுதாள். இவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். பிறகு பேட்டரி உப்பத் தொடங்கியது. ஒருநாள் காலை அவர் ஜன்னலில் நின்றுகொண்டிருக்கும்போதே பெட்டி கூவிவிட்டு நின்றது. கால்கள் துணி போல மடிந்தன. கம்பியைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. நான் ஓடி வந்தபோது கையில் தொங்கிக்கொண்டு, “பரவால்ல, பரவால்ல” என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ வந்து சாப்பாட்டு மேசையில் பெட்டியைப் பிரித்தாய். பேட்டரியை மாற்றினாய். உள்ளே இருந்த மென்பொருள் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று சொல்ல அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. “வுடுறா, சோப்பு டப்பாவாவே வச்சிக்கிறேன்” என்றார். நீ மாடிக்குப் போய்விட்டாய். அடுத்த ஆண்டு, இதே படலங்களைச் செய்யும் பெங்களூர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். பரங்கிப்பேட்டை ஜமால் பாயை நினைவிருக்கும். வளைகுடாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். சென்னையில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில். அவருக்கும் அதே படலம், அதே பெட்டி. இருவரும் போனில் பேசினால், “என்னா மச்சான், ஒம் பொட்டி உயிரோட இருக்கா?” என்றுதான் அவர் தொடங்குவார். அவருடைய பெட்டியும் நின்றுபோனது. பிறகு முதுகில் வலி கூடிக்கொண்டே போனது. உள்ளே பார்க்க வேண்டும் என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும், உலோகம் இருப்பதால் அந்த ஸ்கேன் எடுக்க முடியாது, ஆகவே முதலில் படலத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். திறந்து பார்த்தால், அந்தத் துளைகள் வழியாகச் சதை வளர்ந்து, எது படலம் எது உடம்பு என்று தெரியாமல் கிடந்திருக்கிறது. துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது. அறுத்தவர் கைதேர்ந்தவர், அவசரப்படவும் இல்லை. ஆனாலும் அதோடு வேறு ஏதோவும் வந்துவிட்டது.

கல்லூரி முடிந்து ஒருநாள் சிதம்பரத்திலிருந்தே பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். முன்பு தலையணை இல்லாமல் உட்காருவார். அன்று இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய், “முன்னாடி முட்டிக்கிட்டு வருதுன்னாவது சொல்வாங்க அக்கா. இப்ப அதுகூட தெரியல. நனஞ்சு கெடக்கறது நான் போயி பாத்தாதான்” என்றாள். கிளம்பும்போது ஜமால் பாய், “ஒங்க வூட்டுக்காரர்ட்ட சொல்லுங்கம்மா, உள்ள இருக்கறத நோண்ட வேணாம்னு” என்றார். பிறகு படுக்கைப் புண் வந்தது, அது எலும்பு வரை போனது. “மவுத்தாயிட்டாங்க அக்கா” என்று அவள் போனில் சொன்னபோது நான் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன்னிடம் காய்ச்சலில் போய்விட்டார் என்றுதான் சொன்னோம். நீ அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாய். “அவனுக்கு இது வேணாம், வேலைய ஒழுங்கா செய்யட்டும்” என்றார் அப்பா. இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் துறையின் கட்டுரைகளை நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லாவற்றிலும், எங்கள் பொருளை உடம்பு ஏற்றுக்கொண்டது என்று ஒரு வரி வருகிறது. நல்ல செய்தியாகத்தான் எழுதுகிறார்கள். பிறகு சோதனை எலியைக் கொன்று, அந்த இடத்தை வெட்டிச் சாயமேற்றிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கட்டுரை அங்கே முடிந்துவிடுகிறது. உன் அப்பா அதற்குப் பிறகும் இருக்கிறார். பல் தேய்க்கிறார், பேப்பர் படிக்கிறார், ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்கிறார். ஏற்றுக்கொண்ட உடம்பு அதைத் திருப்பிக் கொடுக்குமா என்பது அந்த எலியிடம் யாரும் கேட்காத கேள்வி. கம்பியாக இருந்தால் உடம்பு அதை அந்நியமாக ஒதுக்கித் தழும்புக்குள் வைத்திருக்கும், ஒருவேளை உருவி எடுத்துவிடலாம். மெத்தென்று இருந்ததால்தான் இது உள்ளே வேர் பிடித்தது. அன்று நீ குண்டூசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த நுங்கைத் தின்றாய், நினைவிருக்கிறதா? பிஞ்சு நுங்கு. தோலை உரிக்க உரிக்கச் சதையும் சேர்ந்து வந்தது. கடைசியில் பொறுமை இழந்து தோலோடு வாயில் போட்டுக்கொண்டாய்.

போன வாரம் நீ பேச்செடுத்தபோது உங்கள் கம்பெனி மருத்துவரிடம் வீடியோவில் நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். பழைய படலத்தை எடுக்கும்போது, இப்போது இருப்பது போகுமா? அவர் நல்லவராகத் தெரிந்தார். “ரிஸ்க் இருக்கு மேடம். ஆனா சாருக்கு இடுப்புக்குக் கீழ பெருசா ஒண்ணும் இல்லியே” என்றார். அவருக்கு அப்படித்தான் தெரியும். பழைய மருத்துவ அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. நீ அருகில் இருந்து தலையாட்டினாய்.

பெட்டி நின்று சில மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம் அவரைக் குளிப்பாட்டும்போது, “அந்தக் காலுல ஊத்தாத, சில்லுனு இருக்கு” என்றார். இடது கால். நான் நம்பவில்லை. உடம்பு இல்லாததை இருப்பதாகச் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணை ஒரு துண்டால் கட்டிவிட்டு, வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் மாற்றி மாற்றி, சில தடவை ஒன்றுமே ஊற்றாமலும், எது என்று கேட்டேன். “ஒங் காலேஜ் பசங்கன்னு நெனச்சியா, டெஸ்ட் வைக்கிற?” என்று திட்டிக்கொண்டே சொன்னார். வலது காலில் ஒன்றும் தெரியவில்லை. இடது காலில், கணுக்காலுக்குக் கீழே, குளிர்ந்த நீர் படும்போதெல்லாம் சரியாகச் சொன்னார். வேறொரு நாளும் பார்த்தேன். அதுவேதான். அந்தப் பயிற்சியில் ஏதோ ஒரு நரம்பு விழித்துக்கொண்டதா, தானாக வந்ததா, படலத்தால் இருக்கிறதா, அதை மீறி இருக்கிறதா, எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன். மார்கழிக் காலையில் அந்தக் காலை மட்டும் தரையில் வைக்கச் சொல்லிக் கேட்பார். நானும் எடுத்து வைப்பேன். வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை. யாராவது மறுபடி சோதித்துப் பார்த்தால் போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். நேற்று இரவு படுக்க வைக்கும்போது, “இருக்கறது அது ஒண்ணு. அத வச்சா பந்தயம் கட்டறது?” என்றார். உன்னிடம் சொல்லுங்கள் என்றேன். “நான் எப்படி சொல்லுவேன்” என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு நிற்க ஆசை இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஜன்னல் கம்பிகளை இன்னும் துடைக்கச் சொல்கிறார். ஆனால் உன் நிச்சயதார்த்தத்தன்று சிதம்பரத்தில், பெண் வீட்டுக் கூடத்தில் நிவேதாவின் பெரியப்பா, “சம்பந்தி உக்காந்துகிட்டேதான் தட்டு மாத்துவாரா?” என்று கேட்டாரே, அப்போது அப்பாவின் முகம் மாறவில்லை. “நான் எழுந்தா யாராவது சேர தூக்கிட்டுப் போயிடுவாங்க மாமா” என்றார், எல்லோரும் சிரித்தார்கள். முகம் மாறியது உனக்குத்தான். இந்த யோசனை அந்தக் கூடத்தில்தான் உனக்கு வந்தது என்று நினைக்கிறேன். அது தப்பு என்று சொல்லவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதை மட்டும் ஒரு முறை கேட்டுக்கொள். சரியாகத் தெரியாவிட்டால், செய்யாமல் இருந்துவிடுவது நல்லது. கல்யாணத்துக்குப் பிறகும் உனக்கு இது பயன்படும்.

உன் வேலையை விடச் சொல்லவில்லை. நீ போன முறை காட்டிய படலம் பழையதைவிட நன்றாக இருக்கிறது, இழுத்துப் பார்த்தேன். “நாங்க அந்த கம்பெனி மாதிரி இல்லம்மா” என்று நீ சொல்வதையும் நம்பத்தான் விரும்புகிறேன். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண் அழுதாள். ஆனால் அடுத்த முறை உங்கள் கூட்டத்தில், இன்னும் மெல்லியதாக, இன்னும் மென்மையாக என்று பேச்சு வரும்போது, இதை எப்படி எடுப்பது, நாம் யாரும் இங்கே இல்லாத நாளில் பெட்டியைத் திறக்க முடியுமா என்று நீ கேள். பதில் வரும் வரை உட்காராதே. எரிச்சல்படுவார்கள், படட்டும். நான் கேட்டிருக்க வேண்டியது அது.

நாளை சாயங்காலம் அவருக்குப் போன் செய். அந்த நேரத்தில் நான் கடைக்குப் போய்விடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம், அப்புறமும் வேண்டாம், நீங்கள் உட்கார்ந்தே இருங்கள் என்று சொல்லிவிடு. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். காலைப் பற்றி உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் ஏதாவது கேலி செய்வார், நீயும் சிரித்துவிடு.

முகூர்த்தத்துக்கு முன்னால் பாத பூஜை இருக்கிறது. மணையில் அமர்வதற்கு முன்பு பெற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்து நீ கால் கழுவ வேண்டும். அதற்கு எல்லா அப்பாக்களும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கப் போகிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு. சொம்பில் சில்லென்று இருக்கட்டும். ஐயர் வலது காலில் தொடங்கச் சொல்வார், அப்படியே தொடங்கு. இடது காலுக்கு வரும்போது அவசரப்படாமல் மெதுவாக ஊற்று. அது அவருக்குத் தெரியும்.